சேக்காளியைப் பார்க்கப் போற மாப்ளைக்கு

அமெரிக்கா போறியாமே மாப்ளே! நீ வாயைத் திறந்து சொல்லாட்டியும் உன் பெட்டி சொல்லுதே. போறவன் வர்றவன் கண்ணுல படணும்னே புதுப் பெட்டியைத் திண்ணையில வெயில் காயப் போட்டிருக்கியே. நல்லா இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல உன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்த சேக்காளி நியூஜெர்சியில இருக்கான், அவனைப் பார்க்காம மனசு கேக்கலைன்னு சொன்னியாம். கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு.

ஏன் கலங்குச்சுன்னா, அந்தப் பய ரெண்டு வருசத்துக்கு ஒருக்க சாத்தூர்ல மாமனார் வீட்டுல வந்து தங்கிட்டுத்தான போறான்? நம்ம கோவில்பட்டியில பஸ் ஏறுனா காலு வலிக்கிறதுக்குள்ள சாத்தூரு வந்துரும். போயிட்டு வாடான்னா, 'வெயிலா இருக்கு மாமா, களை எடுக்க ஆளு வருது மாமா'ன்னு இழுத்த. இப்ப 13,000 கிலோமீட்டருக்கு மேல பறக்கப் போற. வெயிலும் தெரியல, களையும் தெரியல. நட்புக்கு விசா கேட்டாத்தான் உனக்குப் பாசம் பொங்கும்போல.

சரி, கிளம்பிட்ட. அமெரிக்காவுல மக வீட்டுக்குப் போயிட்டு வந்தவன்கிற முறையில நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல மூட்டை. பெட்டி ரெண்டு, ஒவ்வொண்ணும் 23 கிலோன்னு டிக்கெட்ல போட்டிருப்பான். அதுல உன் வேட்டி சட்டை 3 கிலோ தேறாது. மிச்சமெல்லாம் சேக்காளி வீட்டம்மா அனுப்பின சீட்டுப்படி கடலை மிட்டாய், சேவு, வத்தல், வடகம், பொடி. அவங்க இருக்கிற எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோடுன்னு ஒரு தெரு. நம்ம நாட்டுக் கடைதான் வரிசையா. இட்லி அரிசியிலருந்து அப்பளம் வரை கெடைக்கும். அங்கன காசு குடுத்து வாங்குறதைவிட இங்கருந்து நீ தோள்பட்டை நோக எடுத்துட்டுப் போனாத்தான் அதுக்கு மதிப்பு. எடுத்துட்டுப் போ. ஆனா கொப்பரைத் தேங்காயைப் பெட்டிக்குள்ள ஒளிக்காத. எண்ணெய்ச் சத்து உள்ளது, சூடேறித் தீப்பிடிக்கும்னு ஏத்த விடமாட்டாங்க. துபாய் வழியாப் போறியா, குருமாப் பொடியில உன் பொண்டாட்டி கசகசா அரைச்சுப் போட்டிருக்காளான்னு கேட்டுக்கோ. அந்த ஊர்ல கசகசா போதை வஸ்து சங்கதி. வாசத்துக்குப் போட்டேன்னு நீ சொல்றதை அவன் நம்பணுமே! அமெரிக்காவுல கறிவேப்பிலையைப் புடுங்கிருவாங்க. அதுல ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு சின்னப் பூச்சி அவங்க ஆரஞ்சுத் தோட்டத்தையே அழிச்சிருமாம். ஒளிச்சு வச்சு மாட்டுனா 300 டாலர் கூடத் தீட்டுவாங்க. ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு அந்தக் காசு குடுத்த ஆளுன்னு பேரெடுக்காத.

அப்புறம், ஏர்போர்ட்டுல சக்கர நாற்காலி கேக்கலாம்னு யாராச்சும் யோசனை சொல்லுவான். வரிசையில நிக்க வேண்டாம், இங்கிலீசு பேச வேண்டாம், தள்ளிக்கிட்டுப் போயி உள்ள விட்டுருவாங்கன்னு. சென்னையில முட்டி மடங்காதுன்னு உக்காந்தவங்க, நியூயார்க்ல பெட்டி வந்ததும் ஓடிப்போயித் தூக்குறதை என் கண்ணால பார்த்தேன். மேல பறக்கையில எந்தச் சாமி வந்து குணமாக்குச்சோ! நெசமாவே நடக்க முடியாதவங்க நாற்காலிக்குக் காத்துக் கெடப்பாங்க. உனக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே, நட.

துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கருந்து நியூயார்க்குக்குப் பதினாலு மணி நேரம் ஒரே இருப்பு. உழவு மாட்டை ஆட்டோவுல ஏத்துன கதைதான். சன்னலோர சீட்டைக் கேட்டு வாங்காத. கீழ மேகத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஒண்ணுக்குப் போகணும்னா தூங்குற ரெண்டு பேரைத் தாண்டணும். நடைபாதை ஓரமாக் கேளு. விமானத்துக்குள்ள காத்தை அடைச்சு வச்சிருக்கிற அளவு, ஆறேழாயிரம் அடி மலையில நிக்கிறதுக்குச் சமம். கொடைக்கானல்னு வச்சுக்கோயேன். குளுமை மட்டும்தான் கொடைக்கானல். ஈரம் துளி கெடையாது. தொண்டை காஞ்சுபோகும். ஓசியில குடுக்குறான்னு மத்ததைக் குடிக்காம தண்ணியைக் குடி. மணிக்கொருக்க எந்திரிச்சு நட, இல்லைன்னா காலு வீங்கி செருப்புக்குள்ள நுழையாது. சிலருக்கு கெண்டைக்கால்ல ரத்தம் கட்டி வில்லங்கமே ஆயிரும். கக்கூசுல கழுவிக்கக் குழாய் இருக்காது, காகிதம்தான். காலி பாட்டில் ஒண்ணைக் கையோட வச்சுக்கோ. பித்தானை அமுக்குனதும் ஒரு சத்தம் வரும் பாரு, ஆளையே உறிஞ்சிருமோன்னு பயந்து கத்தி வைக்காத.

எறங்குனதும் கண்ணாடிக் கூண்டுல ஒரு ஆபீசர் 'எதுக்கு வந்த?'ம்பார். 'சேக்காளியைப் பார்க்க'ன்னு சொல்லி நிறுத்து. நம்ம ஊர்த் தோரணையில 'அவன் வீட்டு வேலைக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கலாம்னு'ன்னு இழுத்துராத. சுத்திப்பார்க்கிற விசாவுல வந்தவன் வேலை பார்க்கக் கூடாது. உன் ஒத்தாசை அவர் காதுல வேலையா விழுந்து, அடுத்த விமானத்துல உன்னைத் திருப்பி ஏத்திருவார்.

இனிமேத்தான் வெசயமே இருக்கு. அங்க கடிகாரம் நம்மளவிட ஒம்பதரை மணி நேரம் பின்னாடி, பனிக்காலத்துல பத்தரை. உன் உடம்புக்கு அதெல்லாம் தெரியாது. மத்தியானம் சேக்காளி மீன்குழம்பு போட்டு எதிர்ல உக்காருறப்ப நீ குறட்டை விடுவ. ராத்திரி 3 மணிக்கு முழிச்சுக்கிட்டு, பல்பு எடிசன் பேரை வச்ச ஊர்லயே சுவிட்சு எங்கன்னு தெரியாம இருட்டுல துழாவுவ. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு கணக்கு வச்சாத்தான் உடம்பு வழிக்கு வரும். திரும்பி வர்றப்ப இன்னும் மோசம். கெழக்க பார்த்துப் பறந்தா உடம்பு சொன்ன பேச்சே கேக்காது.

வார நாள்ல அவன் ஆபீசு போயிருவான். நீ பாத்திரம் கழுவுற மிசினை வேடிக்கை பார்ப்ப. சனி ஞாயிறு வந்தா, வந்தவனுக்கு ஊரைக் காட்டலைன்னா மரியாதை இல்லைன்னு நயாகராவுக்குக் கெளப்புவான். போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். அவன் ஓட்டுவான், நீ பின்சீட்டுல. 13,000 கிலோமீட்டர் பறந்து போயி அவன் பிடரியைப் பார்த்துட்டு வருவ. அது என்னடா பார்வை? அருவி எங்கயும் ஓடிப்போகாது, குத்தாலத்துல இல்லாத தண்ணியா? 'நயாகரா வேண்டாம்டா, வீட்டுல இரு'ன்னு சட்டையைப் பிடிச்சு உக்கார வை. ராத்திரி 3 மணிக்கு அவன் தண்ணி குடிக்க எறங்கி வந்தாலும் விட்டுராத. பகல்ல இங்கிலீசு, போனு, பிள்ளைக பாடம்னு இருக்கிறவன், அந்நேரம்தான் கோவில்பட்டிக்காரனா இருப்பான். ஏழாம் வகுப்பு வாத்தியாரையும், அவன் அம்மா சாவுக்கு அவன் வர முடியாமப்போனதையும் அப்பத்தான் பேசுவான். நீ பிளேன் சாப்பாட்டைப் பத்தியும் துபாய் ஏர்போர்ட்டைப் பத்தியும் பேசியே அந்த நேரத்தைத் தீர்த்துராத. உன் அலுப்பை அவன் நூறு பேர்கிட்ட கேட்டிருப்பான்.

ஆமா மாப்ளே, பெட்டி வாங்குன, டிக்கெட்டும் போட்ட. நீ போற வாரத்துல அவனுக்கு லீவு இருக்கான்னு கேட்டியா? கேக்கலையா? அப்ப முதல்ல போனைப் போடு. லீவு இல்லைன்னா டிக்கெட்டைத் தள்ளிவை. மாசி மாசம் அவன் சாத்தூருக்கு வாரான்னு அவன் மாமனாரே சொன்னாரு.