பாய்ச்சலிலிருந்து நடைக்கு

2000-ஆம் ஆண்டு வசந்த காலம். ஒய்2கே என்ற கணினிப் பூதம் வருகிறது, விரட்ட வாருங்கள் என்று எங்களை வெர்ஜீனியாவுக்கு அழைத்திருந்தார்கள். பூதம் வராமலே போய்விட்டது. சனி, ஞாயிறில் செய்ய வேலை இல்லை. நானும் என் அறைத்தோழியும் குதிரையேற்றம் கற்கப் போனோம். எனக்கு முன்னனுபவம் உண்டு: ஆறு வயதில் மெரினாவில் ஒரு ரவுண்டு. அவள் புதுக்கோட்டைக்காரி. ஐயனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவள். "எங்க ஊருக் குதிரை இதுவரைக்கும் யாரையும் கீழ தள்ளுனதில்ல" என்று பயிற்சி தந்த அம்மாளிடமே பெருமையடித்தாள்.

அமெரிக்காவின் மிகப் பழைய ஹார்ஸ் ஷோ, 1853-இல் தொடங்கியது, அதே வெர்ஜீனியாவில் அப்பர்வில் என்ற ஊரில் நடக்கிறது. நாங்கள் கலந்துகொண்டது அதில் அல்ல. எங்களுடையது 'ஸ்கூலிங் ஷோ'. லாயம் நடத்துகிறவர்களே தங்கள் மைதானத்தில் வைக்கும் ஒத்திகைப் போட்டி. சங்க உறுப்பினர் அட்டை வேண்டாம், பெரிய கட்டணம் இல்லை. குதிரைக்கு மைக் சத்தம் பழக வேண்டும், மனிதர்களுக்குத் தோற்கப் பழக வேண்டும். இரண்டாவதில் நான் சீக்கிரமே தேறினேன்.

காலைப் போட்டியில் நடையும் ட்ராட் என்ற துள்ளோட்டமும் மட்டும். ட்ராட் ஓடும்போது குதிரையின் வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகிற கணத்தில் நாம் சேணத்திலிருந்து எழ வேண்டும், அது பின்னே வரும்போது உட்கார வேண்டும். நான் எல்லாச் சுற்றிலும் ஒழுங்காக, ஒருமுறைகூடப் பிசகாமல், தப்பாகவே எழுந்தேன். ஆறு பேரில் ஆறாவது இடம், பச்சை ரிப்பன். அவளுக்கு இரண்டாவது இடம், சிவப்பு. அமெரிக்காவில் நீலம்தான் முதல் பரிசு, சிவப்பு இரண்டாவது. இங்கிலாந்தில் அப்படியே தலைகீழ். லண்டன் அத்தைக்குப் போட்டோவை அனுப்பினாள். அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அது முதல் பரிசாகிவிட்டது.

மதியம் தாண்டுதல். இரண்டு கம்பங்களைப் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்திருப்பார்கள். நடுவில் ஒன்றரை அடி உயரம் இருந்தால் அதிகம். அவள் குதிரை வேகமாக வந்து கம்பத்தின் முன்னால் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. அந்தப் பக்கம் போய் விழுந்து, புல்லைத் தட்டிவிட்டு எழுந்து, "நான் தாண்டிட்டேன்ல?" என்றாள். விழுந்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்று நடுவர் சொன்னதை அவள் கடைசிவரை ஏற்கவில்லை. தலையில் இருந்தது லாயத்து அலமாரியில் கிடந்த வெல்வெட் தொப்பி. எத்தனை தலைகளின் வியர்வையைக் குடித்ததோ, தாடைப் பட்டை தொளதொளவென்று தொங்கியது. எங்களுக்குப் பயம் என்பதே இல்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தால்தானே!

அன்றிரவு காலிங் கார்டு போட்டு சென்னைக்குப் பேசினேன். ரிப்பன் வாங்கிய செய்தியை அம்மா கண்டுகொள்ளவில்லை.

"குதிரைக்குக் கொள்ளு போடுறாங்களா?"

"இல்லம்மா, இங்க ஓட்ஸ்."

"அதான் ஆறாவதா வந்திருக்கு."

இது நடந்து இருபது வருடத்துக்கும் மேலாயிற்று. இப்போது சர்க்கரைக்குப் பயந்து அம்மா காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறாள். இடுப்புக்குப் பயந்து நான் கொள்ளு ரசம் வைக்கிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்னவர்கள் குதிரையை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பது ஐம்பதாவது வயதில்தான் புரிகிறது.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் வீடு காலியானதும் அந்த அறைத்தோழி போன் செய்தாள். "மறுபடி போவோம்டி" என்றாள். எனக்குத் தயக்கம். அவள் ஆதாரத்தோடு வந்திருந்தாள்: ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையோடு தடை தாண்டியவர். பிறகு 44 வருடம் கழித்து 2008-இல் டிரஸாஜ் என்ற, குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் பிரிவில் திரும்பி வந்தார். 2012-இல் லண்டனில் போட்டியிட்டபோது வயது 71. "நமக்கு அம்பதுதான்டி. இன்னும் ரெண்டு ஒலிம்பிக் தூங்கிட்டுக்கூடப் போகலாம்."

முன்பு லாயத்தில் பெயர் மட்டும் கேட்டார்கள். இப்போது இணையத்தில் படிவம், உயிர் போனாலும் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து, கூடவே எடை. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அதன் முதுகில் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நான் கொஞ்சம் குறைத்து எழுதினேன். லாயக்காரப் பெண் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேசாமல் பெரிய குதிரையைக் கொண்டுவந்தாள். அதற்கு வயது 22. குதிரைக் கணக்கில் அது எங்களுக்கு அக்கா.

அன்று தரையிலிருந்தே தாவி ஏறினேன். இன்று மூன்று படி வைத்த மேடை. குதிரையின் முதுகுக்கு அதுதான் நல்லது என்பது உண்மை. என் முழங்காலுக்கும் நல்லது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தலையில் சான்றிதழ் பெற்ற ஹெல்மெட், உடம்பில் ஏர்பேக் ஜாக்கெட். அதன் கயிற்றைச் சேணத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் விழுந்தால் கயிறு இழுபட்டு, வாயுக்குப்பி திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஜாக்கெட் ஊதிக்கொள்ளும்.

இந்த முறை போட்டியில் தாண்டுதல் எல்லாம் இல்லை. டிரஸாஜின் ஆரம்பப் படி, நடையும் ட்ராட்டும். 20-க்கு 40 மீட்டர் மைதானத்தைச் சுற்றி ஏ, கே, ஈ, ஹெச் என்று எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை வெளியே நின்று ஒருவர் உரக்கப் படிக்கலாம். தாளில் உள்ளதைத் தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொல்லக்கூடாது. படிக்கத் தோழி நின்றாள். அவள் "ஏ!" என்று கத்தியதும் நான் "என்னடி?" என்று திரும்பினேன். "ஈ!" என்றதும் குதிரையின் கழுத்தில் ஈயைத் தேடினேன். அதற்குள் திருப்பம் போய்விட்டது. "ஐயோ, நேராப் போடி!" என்றாள். விதிப்படி இது வெளியுதவி. நடுவருக்குத் தமிழ் தெரியாததால் தப்பித்தோம்.

கடைசியில் நடுக்கோட்டில் வந்து நின்று, நடுவருக்கு வணக்கம் வைத்தேன். குதிரை நான்கு கால்களையும் அளந்து வைத்ததுபோல் நின்றது. வெளியே வந்து, கம்பீரமாகக் காலைச் சுழற்றிக் கீழே குதித்தேன். ஜாக்கெட் கயிற்றைக் கழற்ற மறந்துவிட்டேன்.

டமார்!

கழுத்துவரை ஊதி, கை மடங்காமல், பொங்கல் பானைபோல் நின்றேன். அக்கா ஒரு காதை மட்டும் திருப்பினாள். தோழி புல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று நிஜமாகவே விழுந்தபோது காக்க ஒன்றும் இல்லை. இன்று காக்க எல்லாம் இருந்தது, விழத்தான் யாரும் இல்லை.

மதிப்பெண் தாள் வந்தது. திருப்பங்களுக்கு ஐந்தும் ஐந்தரையும். நின்றதற்கு மட்டும் பத்துக்கு எட்டு. மூன்று பேரில் மூன்றாவது இடம், மஞ்சள் ரிப்பன். வீடியோவை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"ஏன் இவ்வளவு மெதுவாப் போவுது? குதிரைக்கு உடம்பு சரியில்லையா?"

அடுத்த ஷோ அக்டோபரில். குதிரைமேல் அவள், தாளைப் படிக்க நான். ஜாக்கெட்டுக்குப் புதுக் குப்பி வாங்கியாயிற்று. அதன் விலையில் 2000-ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் ஒரு நாள் முழுக்கப் போட்டியிட்டு, ஒருமுறை விழுந்தும் விட்டு, வரும் வழியில் பீட்சாவும் சாப்பிட்டோம்.