முயல்தோல் போர்த்திய குரங்கு

அந்தக் காலத்தில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்தால் ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்துவிட வேண்டும், விடிந்ததும் டிவியோடு திருப்பிக் கொடுக்க வேண்டுமே. 1986 கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் அப்படி ஒரு ராத்திரி. இரண்டு தமிழ்ப் படம் முடிந்து மூன்றாவதாக ஓடியது ‘கிங் காங்’, 1933இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பாதித் தெரு பாயிலேயே தூங்கிப்போனது. விழித்திருந்தது நானும் அப்பத்தாவும்தான்.

அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் ராட்சதக் குரங்கு காங்கை விமானங்கள் சுற்றிச் சுற்றிச் சுடுகின்றன. அது நெஞ்சைத் தொட்டுவிட்டுத் தன் விரல்களையே பார்க்கிறது. “என்ன நடந்துச்சுன்னே அதுக்குத் தெரியலையேடா” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காங் ஒன்றரை அடி பொம்மை என்பதைப் பின்னாளில் படித்தேன். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர், அதன்மேல் முயல்தோல். வில்லிஸ் ஓ’பிரையனும் அவருடைய ஆட்களும் அதை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு பிரேமாகப் பிடித்தார்கள். ஒரு நொடிக்கு 24 பிரேம். கை பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்தது. அதனால்தான் படம் முழுக்கக் காங்கின் உடம்பு காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும். தொழில்கணக்கில் அது பிழை. எனக்கோ அதுதான் அந்தப் பொம்மையின் உயிர்.

1976இல் மறுபடி எடுத்தபோது காங் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் ஏறியது. 40 அடி இயந்திரக் குரங்கு ஒன்றைச் செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் ரிக் பேக்கர் குரங்கு உடை மாட்டிக்கொண்டு நடித்தார்.

2005இல் எடுத்த பீட்டர் ஜாக்சன், ஒன்பது வயதில் பழைய காங்கை டிவியில் பார்த்து அழுதவர். அது தெரிகிறது. ஆண்டி செர்கிஸ் நடித்துக் காட்டியதைக் கணினி காங்காக மாற்றியது. உறைந்த குளத்தில் காங்கும் கதாநாயகியும் சறுக்கி விளையாடும் காட்சியை இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். படம்தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது.

2021இல் என் மகனோடு தியேட்டருக்குப் போனேன். காங் கோடரியைத் தூக்கிக்கொண்டு காட்ஸில்லாவோடு மோதியது. ஒரு ரோமம்கூடத் தப்பாக அசையவில்லை. “யாருப்பா ஜெயிப்பா?” என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன்மேல் குறையில்லை, படம் எழுப்பும் கேள்வியே அதுதான். அப்பத்தா அழுத இடத்துக்கு அந்தப் படத்தில் வேலையே இல்லை.

அந்த வாரமே அவனுக்குப் பழையதைப் போட்டுக் காட்டினேன். விமானங்கள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை காட்டுங்கள். 100 நிமிடம்தான்.