லென்ஸுக்குக் குடை, தலைக்கு வெயில்

தம்பி, கோடியக்கரைக்குத்தானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இந்த வழியா வர்றவங்கள்ல பாதிப் பேரு என்கிட்ட மொதல்ல கேக்கறது, "பெரியவரே, பூங்குழலி ஓடுன புதைசேறு எங்க இருக்கு?"ன்னுதான். கல்கி பாட்டுக்கு நாவல்ல எழுதிட்டுப் போயிட்டாரு, பதில் சொல்ற வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்னு ஒரு ஆளு கேட்டதில்ல.

சேறு இருக்கு, இல்லேங்கல. ஊராளு துணையில்லாம சதுப்புல எறங்காதீங்க, அவ்வளவுதான். ஆனா இங்க வந்து சுருண்டவங்க யாரும் சேத்துல சுருண்டதா நான் பாக்கல. வெயில்ல சுருண்டாங்க, வயித்தால போயிச் சுருண்டாங்க. கதையில எழுத லாயக்கில்லாத வியாதிங்க, என்ன பண்றது!

உங்க கழுத்துல தொங்குதே லென்ஸு, அதுக்கு என்னா மரியாதை! வெயில் படாம முன்னால ஒரு குடை, மழைக்கு ஒரு உறை, தொடைக்க மெத்துன்னு ஒரு துணி, ஈரம் அண்டாம பைக்குள்ள மருந்துப் பொட்டலம். தூக்கற ஆளுக்கு? அரை டவுசர், ரப்பர் செருப்பு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலு. அதுலயும் பாதி வேதாரண்யம் தாண்டறதுக்குள்ள தீந்துபோச்சு. கேட்டா, வெயிட்டாயிடுமாம்.

"தை மாசம்தானே பெரியவரே, குளுகுளுன்னு இருக்குமே"ம்பீங்க. இருக்கும். சூழ்ச்சியே அதுலதான் இருக்கு. கடக்காத்து வேர்வைய உடனுக்குடனே தொடச்சுட்டுப் போயிடும், உடம்புத் தண்ணி எறங்கறது உங்களுக்கே தெரியாது. மேல சூரியன், கீழ உப்பும் தண்ணியும் பளபளன்னு திருப்பி அடிக்கும், நடுவுல நிக்க ஒரு மர நிழல் கிடையாது. உப்பளத்து ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே போயி, உச்சி வெயிலுக்குள்ள வேலையை முடிக்கப் பாப்பாங்க. காட்டு மிருகத்தைப் பாக்கன்னு அத்தனை தூரம் வர்றீங்களே, வெளிமான் பன்னண்டு மணிக்கு என்ன பண்ணுதுன்னு மட்டும் பாக்க மாட்டேங்கறீங்க. அது பாட்டுக்குப் படுத்து அசைபோட்டுக்கிட்டு இருக்கும். நீங்கதான் வெட்டவெளியில முட்டி போட்டு அதைப் படம் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க. ரெண்டுல யாருக்கு ஆறறிவுன்னு நான் கேக்கல.

1930ல ராஜாஜியும் அவரு கூட்டமும் திருச்சியிலேருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தாங்க, உப்பு அள்ள. ஏப்ரல் 13ல கெளம்பி 28ல வந்து சேந்தாங்க. 150 மைல், 15 நாளு. கணக்குப் போட்டுப் பாருங்க, நாளைக்குப் பத்து மைல். வெள்ளைக்காரனைத் துரத்த வந்தவங்களே அவ்வளவு நிதானமா வந்திருக்காங்க. பூநாரையைத் துரத்த வர்ற நீங்க ஒரே நாள்ல காட்டையும் கடலையும் அளந்துட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கணும்ங்கறீங்க!

உப்புன்னதும் ஞாபகம் வருது. வயித்தால போனா, வேர்த்துக் கொட்டித் தலை சுத்துனா, மருந்துக்கடையில விக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைச்சுக் குடிங்க. கையில இல்லியா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி. வேதாரண்யத்து உப்பாச்சேன்னு தியாகிங்க மாதிரி கை நிறைய அள்ளிப் போட்டுடாதீங்க, உள்ளதும் போயிடும். ஆளு வேர்க்கறதை நிறுத்திட்டு ஒளற ஆரம்பிச்சுட்டான்னா அது உப்புச் சக்கரையில அடங்கற காரியமில்ல. நிழல்ல போட்டு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே ஆசுபத்திரிக்குத் தூக்கணும். என்ன, வழக்கமாவே ஒளர்ற கூட்டாளியா இருந்தா கண்டுபிடிக்கறது கொஞ்சம் கஷ்டம்.

தண்ணியை ஊருலேருந்தே கொண்டாந்துடுங்க. இந்தக் கடலோரத்துல பூமியைத் தோண்டுனா பல எடத்துல உப்புக் கரிக்கும். படிச்ச தம்பி ஒருத்தரு, "பழங்கால முறை பெரியவரே"ன்னு தேத்தாங்கொட்டையை உரைச்சுக் குளத்துத் தண்ணியில போட்டாரு. அது கலங்கலைத் தெளிய வைக்கும். கிருமியை அது முழுசா ஒழிக்காது. தெளிஞ்ச தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கணும். பழமையை மதிக்க வேண்டியதுதான், வயித்தையும் கொஞ்சம் மதிக்கலாம்.

இப்ப உங்க அரை டவுசருக்கு வருவோம். மழைக்காலம் தொடங்குனதுலேருந்து பறவை வர்ற மாசம் பூரா புல்லும் புதருமா மண்டிக் கிடக்கும். அதுல ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கு, கண்ணுக்கே தெரியாது. உங்க கண்ணுக்கு மட்டுமில்ல, அந்த லென்ஸுக்கும் தெரியாது. அது கால் வழியா ஏறி, பெல்ட்டு இறுக்கற எடம், அக்குள், தொடை இடுக்குன்னு ஒதுக்குப்புறமாப் பாத்து உக்காந்து கடிக்கும். வலி இருக்காது. நீங்களும் ஊருக்குப் போயி படமெல்லாம் ஊரு பூரா அனுப்பி, பாராட்டெல்லாம் வாங்கி முடிச்சிருப்பீங்க. பத்து நாள் கழிச்சு அனலாக் காயும், தலை பொளக்கும். டெங்குவான்னு பாப்பாங்க, மலேரியாவான்னு பாப்பாங்க. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்டாப்புல கறுப்பா ஒரு பொருக்கு நிக்கும். அது நிக்கிற எடத்தை டாக்டருகிட்டக் காட்ட உங்களுக்கு வெக்கம். காட்டுங்க தம்பி! சில பேருக்கு அந்தப் பொருக்கே இருக்காது, அதனால "பதினஞ்சு நாளைக்கு முன்னாடி புதர்க்காட்டுல சுத்துனேன்"னு வாயைத் திறந்தும் சொல்லுங்க. உண்ணிக் காய்ச்சலுன்னு புரிஞ்சுட்டா டாக்ஸிசைக்ளின்னு சாதாரண மாத்திரையிலயே அடங்கிடும். புரியாம நாள் தள்ளுனா நுரையீரல், மூளைன்னு உள்ளுக்குப் போயி ஆளையே சாச்சுடும். முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள்ள சொருகு, பூச்சிக்களிம்பு தடவு, புல்லுல நேரா உக்காராதே, ரூமுக்கு வந்ததும் துணியை அவுத்துப் போட்டு சோப்பு போட்டுக் குளி. காலுறைக்குள்ள கால்சட்டையைச் சொருகுனா போட்டோவுல அழகா இருக்காதுன்னு கவலையா? வெளிமான் அதைப் பாத்துச் சிரிக்காது.

ராத்திரித் தரையில பாயை விரிச்சு, இயற்கையோட இயற்கையாப் படுக்கணும்னு ஆசை வரும். கட்டுவிரியனுக்கும் அதே ஆசைதான். ராத்திரி நடமாடற பாம்பு அது. கடிச்சா வலியும் பெருசா இருக்காது, பல்லு பட்ட தடமும் சரியாத் தெரியாது. விடியக்காலையில வயித்து வலிங்கும், கண்ணு எமை தொங்கும், நாம நேத்துத் தின்ன நண்டு மேல பழியைப் போடுவோம். கட்டில்ல படுங்க, கொசுவலையை மெத்தைக்கு அடியில சுத்திச் சொருகுங்க, ராத்திரி எறங்குனா டார்ச்சு இல்லாம எறங்காதீங்க. கொசுவுக்கும் ஆச்சு, விரியனுக்கும் ஆச்சு.

கடிச்சிடுச்சுன்னா சினிமாவை மறந்துடுங்க. அதுல கதாநாயகன் கீறி, கட்டி, வாயால உறிஞ்சுவான், அடுத்த சீன்ல பாட்டு வரும். இங்க உறிஞ்சுனா ரெண்டு படுக்கை போடணும். கீறாம, இறுக்கிக் கட்டாம, கடிபட்ட ஆளை நடக்கவிடாம, கையோ காலோ ஆடாம வச்சு, 108க்குச் சொல்லி வேதாரண்யம் அரசு ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க. பாம்பை அடிச்சுக் கையோட தூக்கிட்டுப் போறதும் வேண்டாத வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். மந்திரிச்சுக் கயிறு கட்டறவங்களும் உண்டு. ஊருக்குத் திரும்பினப்புறம் வேணும்னா கட்டிக்குங்க.

கொரங்குக்குப் பிஸ்கட்டு குடுத்து செல்ஃபி எடுக்காதீங்க. அது பிஸ்கட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பாக்காது. கடிச்சா, பிராண்டுனா, சுண்ணாம்பு மொளகாப்பொடின்னு எவன் என்ன சொன்னாலும் கேக்காம, சோப்பு போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு, அன்னைக்கே போயி வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்குங்க. கடிச்சது கொரங்குதானேன்னு அலட்சியம் வேண்டாம்.

கடல்ல குளிக்கவும் வேண்டாம். வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேர்ற முனை, ஓட்டம் எப்படித் திரும்பும்னு வலைக்காரங்ககிட்டக் கேளுங்க. முழங்கால் தண்ணியில நின்னே தீருவேன்னா, காலைத் தூக்கி வைக்காம மணலைத் தேய்ச்சுக்கிட்டே நடங்க. அடியில திருக்கை கிடந்தா அதுவே ஒதுங்கிடும். முள்ளு குத்திட்டா பொறுக்கற சூட்டுல வெந்நியில காலை வச்சுக்கிட்டா வலி தணியும். அப்புறம் டாக்டருகிட்டப் போகணும், முள்ளு உள்ள ஒடிஞ்சு கிடக்கும்.

எழுதிக்கிட்டீங்களா? எழுத மாட்டீங்க. "கிராமத்துக் கெழவனுக்கு என்ன தெரியும்"னு உள்ளுக்குள்ள ஓடுது. பரவாயில்ல, போயிட்டு வாங்க. நான் சொன்னதுல எதாச்சும் தப்பா இருந்தா நேரா இங்க வந்து என்கிட்டச் சண்டை போடுங்க, காத்துக்கிட்டு இருக்கேன். ஆனா சண்டை போடறதுக்குத் தெம்பு வேணும் தம்பி. அதுக்காகவாவது நான் சொன்னபடி நடந்துக்குங்க.