படுத்துச் சுட்ட காலம்

எண்பதுகளில் துப்பாக்கி சுடுவதில் இந்தியாவுக்கு ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூடக் கிடையாது. ஆனால் எங்கள் ஆலங்குளத்தில் என்.சி.சி.யில் பெயர் கொடுத்த பையன் ஒவ்வொருவனும் 'பாயிண்ட் டூ டூ' ரைபிளால் சுட்டிருந்தான். இப்போது நாட்டுக்குப் பதக்கங்கள் இருக்கின்றன. ஊரில்தான் சுட்டவனைத் தேட வேண்டியிருக்கிறது.

சிமெண்ட் ஃபேக்டரிக்காரர்கள் குவாரியில் வைக்கும் வெடியும் சிவகாசிப் பொட்டு வெடியும் தவிர வேறு சத்தம் அறியாத எங்களை, லாரியில் அள்ளிப்போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோவார்கள். சிவப்புக் கொடி நட்டு, மேய்கிற ஆடுகளை விரட்டி முடிக்கவே பாதிக் காலை போய்விடும். மண்மேட்டுக்கு முன்னால் அட்டை. இருபத்தைந்து மீட்டர் தள்ளி, விரிப்பில் குப்புறப் படுத்த நாங்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா.

"ஏலே, ட்ரிக்கரைப் பிடிச்சு இழுக்காதல, அமுக்கு. மூச்சைப் பாதி விட்டு நிப்பாட்டு" என்பார் ஹவில்தார். மூச்சை நிறுத்தியவர்கள் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார்கள். ஐந்து தோட்டா வாங்கியவன் அட்டையில் ஏழு ஓட்டை இருக்கும். பக்கத்து அட்டையில் மூன்று. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி. சுட்டு முடித்ததும் காலிக் கேஸை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் நெருஞ்சி முள்ளில் குனிந்து தேடுவோம். குண்டு எங்கே போனது என்று ஒருநாளும் கேட்காத ராணுவம், அதன் கூடு எங்கே என்பதில் மட்டும் விடாப்பிடியாக இருந்தது.

அன்று அந்த விளையாட்டின் உச்சியில் மகாராஜாக்கள் இருந்தார்கள். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். அடியில் நாங்கள், அரசாங்கச் செலவில். 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர், மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். அவர் பெயரிலான போட்டிதான் எங்கள் கனவுக்கு எட்டிய கடைசி எல்லை. நடுத்தர வர்க்கம் அப்போது இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

2004 ஒலிம்பிக்கில் ராத்தோர் வெள்ளி வாங்கினார். 2008-ல் பிந்த்ரா தங்கமே வாங்கினார். உடனே நடுவில் இருந்தவர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். தேசியப் போட்டியில் இன்று ஆயிரக்கணக்கில் பெயர் கொடுக்கிறார்கள். மகாராஜாக்களும் முற்றாகப் போய்விடவில்லை. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் வரை போய்வந்தார். படியில் காணாமல் போனது நாங்கள் மட்டும்தான்.

இப்போது எல்லாம் பத்து மீட்டர் ஏர் ரைபிள். அறைக்குள், ஏ.சி.யில், மின்னணு இலக்கில் நடக்கிறது. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அளவு அரை மில்லிமீட்டர். ஒரே குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. உடை கஞ்சி போட்ட வேட்டியைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொண்டது மாதிரி விறைப்பாக நிற்கும். அன்று சிப்பாய் காவலோடு வந்த ரைபிளுக்கு எங்களிடம் காலணா கேட்கவில்லை. இந்த ஏர் ரைபிளுக்கு அரசாங்கம் லைசென்ஸ்கூடக் கேட்பதில்லை. கடைக்காரர்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார். ஜெர்மன் சரக்காம்.

நாங்கள் கற்ற ஒரே வித்தை படுத்துச் சுடுவது. ஐம்பது மீட்டரில் படுத்துச் சுடும் தனிப் போட்டியை 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆண்களுக்கு மட்டுமான போட்டிகளைக் குறைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் போட்டிகளைக் கொண்டுவந்தார்கள். நியாயம்தான், குறை சொல்ல வாயில்லை. பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய மூன்று நிலைப் போட்டியில் மூன்றில் ஒரு பங்காக அது இன்னும் படுத்தே கிடக்கிறது.

தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. துப்பாக்கி வீரர் ககன் நாரங் பிறந்தது சென்னையில், வளர்ந்தது ஹைதராபாத்தில். வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், சுடக் கற்றது அகமதாபாத் பக்கம். பிறக்க ஒரு ஊர், சுட ஒரு ஊர் என்று ஜாதகத்திலேயே எழுதியிருக்கும் போல.

எங்கள் வட்டாரத்தில் தவறாமல் நடக்கும் துப்பாக்கிப் போட்டி ஒன்று உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் போடும் பலூன் கடை. போன தடவை அக்கா மகன் அங்கே துப்பாக்கியைத் தூக்கினான். செல்போனில் தினம் நூறு பேரைச் சுட்டுத் தள்ளுகிறவன்.

"மாப்ளே, மூச்சைப் பாதி விட்டு நிப்பாட்டு" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூச்செல்லாம் அவன் இஷ்டத்துக்கு விடட்டும், சார். ரெண்டு பலூன் வலப்பக்கம் தள்ளிக் குறி வைக்கச் சொல்லுங்க. குழல் வளைஞ்சிருக்கு."