வெட்ட வேலையில்லாத கத்திகள்

பூம்புகார்ப் பக்கம் ஒரு காலத்தில் கத்தி வைத்திருப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தாத்தாவின் சுருக்குப்பையில் பாக்குவெட்டியோடு ஒரு மடக்குக் கத்தியும் கிடக்கும். கயிறு அறுக்க, மாங்காய் கீற, காலில் ஏறிய கருவேல முள்ளை நோண்டி எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ராத்திரியில் வரப்போடு தனியாகப் போகிறவனுக்கும் அதுவே துணை. இரும்பு இருந்தால் பேய் அண்டாதாம்.

எங்களுக்குக் கத்தி ஆசை பென்சிலில் தொடங்கியது. வீட்டில் கிடைத்தது அப்பா சவரம் செய்து தள்ளிய பிளேடில் பாதி. சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-ல் வந்தபிறகு சித்திரா பௌர்ணமி இந்திர விழாவுக்குக் கூட்டம் குவியும். ராட்டினத்துக்குப் பக்கத்துத் தரைக்கடையில் மீன் வடிவ மடக்குக் கத்தி விற்பான். பென்சிலைச் சீவினால் கத்திதான் மழுங்கும். ஆனாலும் அது டிராயர் பையில் இருந்த நாளில் எங்கள் நடையே வேறு. சினிமா வில்லன் சடக்கென்று விரிக்கும் பட்டன் கத்திதான் லட்சியம். நல்லவேளை, அது தரைக்கடைக்கு வரவில்லை.

உருப்படியான கத்தி வேண்டுமென்றால் கொல்லுப்பட்டறைக்குப் போகவேண்டும். பழைய லாரிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுப்பார் ஆசாரி. அதைக் கையில் தரமாட்டார், தரையில் வைப்பார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம்.

இப்போது என் அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "மாமா, இதுக்குப் பேரு இ.டி.சி. தினமும் கூடவே வச்சிக்கணும்" என்று வெல்வெட் பெட்டியைத் திறந்தான். உள்ளே வரிசையாகக் கத்திகள். அதில் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியும் உண்டு. 1891-ல் கார்ல் எல்செனர் தன் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுத்தது தகர டப்பா திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும். இவன் அதை வைத்து அமேசான் பார்சல் பிரிக்கிறான். பார்சலுக்குள் இன்னொரு கத்தி வருகிறது.

சரி, கூடவே வைத்துக்கொள்கிறானா? அலுவலக வாசலில் சோதனை, மெட்ரோவில் சோதனை, மாலில் சோதனை. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் பேனாக்கத்திக்கே இடமில்லை. தினமும் கூடவே இருக்கவேண்டியது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு முழுத் தகுதி பெற்ற எங்கள் கருக்கரிவாள் பரணில் இருக்கிறது; அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது.

போன ஆடிப்பெருக்குக்கு வந்தவன், கையால் செய்த கத்தி வேண்டும் என்றான். பட்டறைக்குக் கூட்டிப்போனேன்.

"ஐயா, இது என்ன ஸ்டீல்?"

"லேலண்டு, தம்பி."

குறித்துக்கொண்டான். கத்தியும் நல்ல கத்திதான்.

கத்தி சேர்க்கும் ஆசை வந்தவர்கள் முதல் கத்தியை இப்படி ஒரு பட்டறையில் வாங்குங்கள். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.