ஆறிய பேச்சைச் சூடேற்றும் முறைமை: சிறுமலை அடிவாரத்து டீக்கடைகளை முன்வைத்து

முடிந்துபோன பேச்சை மறுபடி எடுப்பதற்கு ஒரு முறைமை உண்டா என்பதைத் தமிழ் ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. தாமே அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அது கண்ணில் படாதது இயல்பே. அக்குறையை நீக்கும் பொருட்டு, சிறுமலை அடிவாரம் முதல் திண்டுக்கல் பேருந்து நிலையம் ஈறாகக் கிடக்கும் டீக்கடை பெஞ்சுகளைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை எழுகிறது. மூல ஆவணங்கள் இரண்டு: கடன் நோட்டு (அட்டை இல்லை), பெஞ்சின் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறியவை (குனிய முடிந்தவர்களுக்கு மட்டும்).

முதலில் காலவரம்பு. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பறிபோன நிலத்துக்குப் பன்னிரண்டு. பேச்சுக்கு எத்தனை என்று சட்டம் சொல்லவில்லை. கெடு முடியுமுன் கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. பெஞ்சில் கையெழுத்து வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் ஒரு 'ம்' கொட்டினால் போதும், இருபது வருஷப் பேச்சு எழுந்து உட்கார்ந்துவிடும். ஆகவே முதல் விதி: வினவாதவிடத்து 'ம்' கொட்டற்க.

இனி வகைகள். தேர்தல் வகைக்குத் தலைமை, 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தல். அ.தி.மு.க. பிறந்து ஓராண்டுகூட ஆகாதபோது இரட்டை இலையில் நின்று மாயத்தேவர் வென்ற தேர்தல். அதில் ஓட்டுப் போட்டதாகச் சொல்லாத பெரியவர் இப்பக்கத்தில் இல்லை. அன்று ஓட்டுரிமை வயது 21. அது 18 ஆனது 1989இல்தான். எனவே இரண்டாம் விதி: பேசுபவரின் பிறந்த வருஷத்தைக் கேட்கலாகாது.

மாவட்ட வகை: திண்டுக்கல்லை மதுரையிலிருந்து 1985இல் பிரித்தாயிற்று, விடுக.

பிரியாணி வகை: எந்தக் கடை என்பது ஒருபோதும் முடிந்ததில்லை. முடியாததை மீட்டெடுத்தல் இலக்கண வழு.

எஞ்சியது வாழைப்பழ வகை. "இப்ப வர்றதெல்லாம் சிறுமலைப் பழமாப்பா?" என்ற கேள்வி, கடை வாசலில் தார் தொங்கும் வரை சாகாது. முடிக்கொத்து நோயின் வைரஸ், அசுவினிப் பூச்சிமேல் ஏறிவந்து மலைத்தோட்டங்களை அழித்ததும், அந்த வாழைக்கு இன்று புவிசார் குறியீடு இருப்பதும் எல்லோரும் அறிந்தவை. அறிந்தவற்றைச் சொல்வது சபை மரபன்று. மீட்பவர் முதலில் ஒரு பழத்தைப் பிய்க்க வேண்டும் (காசு பிறகு). அடுத்து முகர்தல். முகர்தல் மூவகைத்து: தொட்டு முகர்தல், தொடாது முகர்தல், பிறர் முகர்ந்ததைக் கேட்டு முகர்தல். மூன்றாவதே முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பெருவழக்கு. அதன்பின் பெருமூச்சு. அதன்பின் குதிரை.

"அப்பல்லாம் குதிரையில பொதி வரும். தெரு முக்குல வரும்போதே வீட்டுக்குள்ள வாசம் அடிக்கும்." தெரு முக்குக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு ஆண்டுதோறும் கூடிவருகிறது. இவ்விடத்தில் எவரேனும் "மாமா, மலையில இன்னிக்கும் குதிரைதான் சுமக்குது, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் பார்த்துட்டு வாங்க" என்று குறுக்கிட நேரும். மாமாவின் டம்ளர் காலியாகும்வரை அவர் பொறுக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி (கடன் நோட்டு, எண்ணெய்க் கறைக்கு வலப்புறம், பென்சில், 'டம்ளர்' என்பதை அடித்து 'இரண்டாம் டம்ளர்' என்று பேனாவால் எழுதியிருப்பதை பெஞ்சின் இடக்கோடி உரையாசிரியர் இடைச்செருகல் என்பார், வலக்கோடியார் அதுவே மூலபாடம் என்பார், கடைக்காரர் இரண்டையும் கணக்கில் ஏற்றுவார்).

பேச்சு தளரும்போது, மணத்துக்குக் காரணம் அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு சிறுமலையாக விழுந்ததே என்று ஒருவர் முடித்துவைப்பார். அதே துண்டைச் சதுரகிரிக்காரர்களும், இலங்கையில் காலிக்கு அருகே ரூமஸ்ஸலக் குன்றுக்காரர்களும் தங்களுடையது என்கிறார்களே என்று கேட்பவர் மறுநாள் வேறு பெஞ்சு பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் விதி செலவு பற்றியது. பழைய பேச்சை எடுப்பவரே அந்தச் சுற்றுக்கு டீக்காசு கொடுக்க வேண்டும்; புதிதாக ஒரு சாட்சியோ, குறைந்தபட்சம் புதிதாக ஒரு பொய்யோ கொண்டுவந்தால் பாதி. தொல்காப்பியர் காலத்தையும், 2008இல் சட்டம் போட்டுத் தைக்கும் 2011இல் சட்டம் போட்டுச் சித்திரைக்கும் போய்வந்த புத்தாண்டையும் கிளறும் அறிஞர்களை இவ்விதி கட்டுப்படுத்தாது. அவர்கள் பழைய கட்டுரையையே தலைப்பு மாற்றி எடுத்துவந்தாலும் பயணப்படி, பொன்னாடை, மதியச் சாப்பாடு மூன்றும் உண்டு.