ஏற்றத்தில் சாது, இறக்கத்தில் சண்டியன்

கேள்வி: பேராதனையிலிருந்து வத்தளைக்கு வீடு மாறுகிறோம். சாமான்கள் லொறியில் போகின்றன. மிச்சம் ஒரு பெரிய ஜீப், ஒரு ஹைபிரிட் கார். ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காரை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனால் என்ன? 3 தொன் இழுக்கும் என்று ஜீப்பின் புத்தகமே சொல்கிறதே!

பதில்: இழுக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தைத் தாண்டியதும் இழுக்கிற வேலையைப் பூமி பொறுப்பேற்றுக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது நிறுத்துகிற வேலை. அதே புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கும், அதையும் வாசியுங்கள். பின்னால் வருவதற்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் எவ்வளவு இழுக்கலாம் என்று அது சொல்லும். பெரிய ஜீப்புகள் பலவற்றுக்கு அது 750 கிலோதான். அக்குவா போன்ற சின்ன ஹைபிரிட் காரே 1,000 கிலோவைத் தாண்டிவிடும். ஒரே ஜீப், ஒரே எஞ்சின், பிறகு ஏன் இரண்டு கணக்கு? கம்பனிக்காரன் உங்கள் எஞ்சினை நம்புகிறான், பிரேக்கை அவ்வளவாக நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. ஜீப்பும் காரும் சேர்ந்து 3 தொன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றர் உயரம் இறங்கினால் சுமார் 29 இலட்சம் ஜூல் சக்தி வெளிப்படும். குழாய்த் தண்ணீர் 9 லீற்றரைக் கொதிக்க வைக்க அது போதும்; கலியாண வீட்டில் முதற் பந்திக்குத் தேநீர் ஊற்றிவிடலாம். கண்டியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சின்ன கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்று இன்னொரு பங்கை. மிச்சமெல்லாம் ஜீப்பின் பிரேக்கில் சூடாகச் சேரும். சாதாரண வகை பிரேக் எண்ணெய், ஈரம் குடித்துப் பழசாகிவிட்டால், 140 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தபின் மிதித்தால் பெடல் தரைக்குப் போகும், வண்டியும் தன்பாட்டில் போகும்.

இந்தப் பாடத்தை ரயில்காரர்கள் நமக்கு முன்பே படித்துவிட்டார்கள். 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை, றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓரடி என்று ஏறுகிறது. ஏறுவதற்கு இன்னோர் எஞ்சினைப் பின்னால் விட்டுத் தள்ளினால் காரியம் முடிந்தது. இறங்குவதுதான் தலைவலி. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு அருகே, மேட்டில் ஏற முடியாமல் நின்ற ஓர் உல்லாசப் பயண ரயிலை இரண்டாகக் கழற்றினார்கள். கழன்ற பின்பகுதி பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதி, எண்பது பேரளவில் இறந்தார்கள். அந்த மேடு 75க்கு 1தான். கடுகண்ணாவையோடு ஒப்பிட்டால் பரம சாது. எல்லாப் பயணிகள் பெட்டிகளுக்கும், இணைப்பு அறுந்தாலும் தானாகவே பிடிக்கும் பிரேக் வேண்டும் என்று அந்த ஆண்டே பிரிட்டனில் சட்டம் வந்தது. நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில், அறுந்தால் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: காருக்குள் ஓர் ஆளை உட்கார வைத்து பிரேக் பிடிக்கச் சொன்னால்?

பதில்: எஞ்சின் ஓடாத சாதாரண காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். எஞ்சினை ஓட விட்டால் இரண்டும் சரியாகிவிடும். ஆனால் ஓடுகிற எஞ்சினும், ஸ்டியரிங் பிடித்து பிரேக் போடத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால், கயிறு எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள் ஆயிரக்கணக்கான மைல் இழுத்துப் போகிறார்களே? நாங்கள் போவது யாழ்ப்பாணம். மாத்தளை தாண்டினால் ஏ9 வீதி சமதரைதானே? (கட்டுகஸ்தோட்டை)

பதில்: போகிறார்கள். ஆனால் கயிற்றில் அல்ல, இரும்புத் தண்டிலோ ட்ரெயிலரிலோ. இழுபடுகிற காரையும் பிரேக் பிடிக்க வைக்கும் கருவியையும் பலர் பூட்டிக்கொள்கிறார்கள், இழுப்பதற்கு ஏற்ற காரா என்றும் பார்க்கிறார்கள். அதாவது அவர்களும் என் கட்சிதான். சமதரை பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் அதற்கு முன் பலகடுவை வளைவுகள் இருக்கின்றன. வளைவில் ஜீப்பை பிரேக் பிடித்தால், தண்டில் பூட்டிய கார் அதன் வாலைப் பக்கவாட்டில் தள்ளும். கயிற்றில் கட்டியதென்றால் நேரே வந்து முட்டும். வன்னியில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடும் உங்கள் கயிற்றின் நீளம் பார்த்து எழும்பாது.

கேள்வி: அப்படியானால் என்னதான் செய்வது?

பதில்: பேராதனைக்காரர் முதலில் ஜீப்பைக் கொண்டுபோய் வத்தளையில் விட்டுவிட்டு, ரயிலில் திரும்பி வந்து காரை ஓட்டிப் போகலாம். கொழும்பு வீதி 115 கிலோமீற்றர்தான். ஒரு நாள் போகும், ஒரு டிக்கெட் காசு போகும். யாழ்ப்பாணக்காரருக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர் என்பதால் காரைத் தட்டில் ஏற்றிப் போகும் கரியர்தான் நல்லது. கூலி அதிகம் என்பீர்கள். கியர்பெட்டியின் விலையை விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். அக்குவா வகை ஹைபிரிட்டின் முன் சக்கரங்கள் மின்மோட்டாரோடு பிணைந்தவை. நியூட்ரலில் போட்டாலும் சக்கரம் உருண்டால் மோட்டார் சுழன்று மின்சாரம் பிறக்கும். அதனால்தான் முன் சக்கரம் தரையில் உருள இழுக்க வேண்டாம் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹைபிரிட் இல்லாத ஓட்டோ கியர் கார்களிலும் எண்ணெய் பம்பைச் சுற்றுவது பெரும்பாலும் எஞ்சின்தான். அது தூங்கினால் கியர்பெட்டி காய்ந்து தேயும். ஆகவே கரியர்காரரை அழைக்கும்போதே கார் எந்த வகை என்று சொல்லிவிடுங்கள். நான்கு சக்கரமும் தட்டில் ஏறி, பட்டி இறுகியதைப் பார்த்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.